மரம் முனகும், உருக்கு முனகாது

1876-78 தாது வருடப் பஞ்சத்தின் பின்னர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்ட தமிழர்களில் ஒரு சாரார் கடல் கடந்து இலங்கையின் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களை நாம் அறிவோம். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்க வயலுக்குச் சென்ற மற்றொரு சாராரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. முன்னவர்கள் மலை ஏறினார்கள். பின்னவர்கள் மண்ணுக்குள் இறங்கினார்கள்.

ஜோன் டெய்லர் அன் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880இல் அங்கு காலூன்றியது. காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீற்றர் ஆழத்தையும் கடந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அதனினும் கொடியது அழுத்தம். பாரம் தாங்காத பாறை, வெடிவைத்ததுபோல் திடீரெனச் சிதறும். இந்தப் பாறை வெடிப்புகளைப் பதிவுசெய்ய 1912இலேயே அங்கு நிலநடுக்கமானி ஒன்று நிறுவப்பட்டது.

சுரங்கப் பாதைகளைத் தாங்க முதலில் மரம் இருந்தது. மரம் உளுக்கும், தீப்பற்றும். ஆகவே கருங்கற் கட்டுகளும் உருக்குச் சட்டங்களும் வந்தன. ஆயினும் உலகெங்கும் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் உருக்கை எளிதில் நம்பவில்லை. மரம் முறியுமுன் முனகும்; அந்த ஒலி கேட்டு ஓடித் தப்பலாம். உருக்கு அவ்வாறு குரல் கொடுப்பதில்லை.

இதற்கு ஒரு விடை 1930களில் ஜேர்மனியில் பிறந்தது. டூசான், ஹைன்ட்ஸ்மன் ஆகியோரின் பெயர் தாங்கிய வளைவுச் சட்டத்தில் உருக்குத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, கவ்விகளால் இறுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது அவை முறியாமல் மெல்ல வழுக்கி இடங்கொடுக்கும். எதிர்த்து நிற்பதல்ல, அளவறிந்து இணங்குவதே தாங்குதல் என்று பொறியியல் கற்றுக்கொண்டது. ஆனால் மெல்ல அமுக்கும் பாறைக்கு ஏற்ற இந்த விடை, கணப்பொழுதில் வெடிக்கும் பாறைக்குப் போதுமானதல்ல.

1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவகம் கோலாரிலேயே தொடங்கப்பட்டது. நூறாண்டு அனுபவத்தில் அங்கு திரண்ட அறிவு அதற்கு அடித்தளமாயிற்று. 2001 பெப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

பாறையைத் தாங்க எதை நிறுத்துவது என்று நூறாண்டுக் காலம் ஆராய்ந்தார்கள். சுரங்கம் மூடப்பட்ட பின் அந்த மனிதர்களைத் தாங்க எதை நிறுத்துவது என்று எவரும் அவ்வளவு அக்கறையோடு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.