கழுத்தில் நெறி கட்டினால் ஸ்கேன் என்ன காட்டும்?

தொண்டை வலி, சொத்தைப் பல், தலையில் புண் என்று எது வந்தாலும் கழுத்தில் நெறி கட்டும். கிருமியை எதிர்க்கும் நிணநீர் முடிச்சுகள் வீங்குவதுதான் அது. உடலில் உள்ள சுமார் 800 முடிச்சுகளில் ஏறக்குறைய 300 கழுத்தில் மட்டுமே இருக்கின்றன. பெரும்பாலான வீக்கம் இரண்டு, மூன்று வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் நிற்பதற்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து.

இப்படிப்பட்ட வீக்கத்துக்கு டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் ஒலியலைதான் வேலை செய்கிறது, கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை.

ஸ்கேனில் முதலில் பார்ப்பது முடிச்சின் வடிவம். நல்ல முடிச்சு அவரை விதை போல நீண்டு தட்டையாக இருக்கும். நடுவே வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும் வாசல் அது. முடிச்சு உருண்டு திரண்டு, அந்தக் கோடும் மறைந்திருந்தால் சந்தேகம் எழும். அகலம் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனிப்பார்கள். ஆனால் தாடைக் கோணத்துக்குக் கீழே உள்ள முடிச்சு நல்ல உடம்பிலும் சற்றுப் பெரிதாகவே இருக்கும் என்பதால், அளவை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. டாப்ளர் முறையில் ரத்த ஓட்டமும் தெரியும். நடுவாசல் வழியாக ரத்தம் போனால் நல்லது. ஓரங்களிலிருந்து நுழைந்தால் புற்றுநோயை நினைக்க வேண்டியிருக்கும்.

பல முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுப்பகுதி கரைந்திருந்தால் காசநோயாக இருக்கலாம். வாய், தொண்டைப் புற்றிலும் முடிச்சின் நடுப்பகுதி இப்படிக் கரைவதுண்டு. ஆகவே ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் திசுவே உறுதியாகச் சொல்லும். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயம் நம் மக்களிடம் நிறைய உண்டு. மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது மிக மிக அரிது.

மலேசிய இந்தியர்களிடையே வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட அதிகம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். அப்பழக்கம் உள்ளவருக்குத் தாடைக்குக் கீழே வலியில்லாத, கெட்டியான கட்டி தெரிந்தால், வாயையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று விடக்கூடாது. வலிக்கும் நெறி பெரும்பாலும் சாதாரணக் கிருமித் தொற்றுதான். பெரியவர்களுக்குக் காறை எலும்புக்கு மேலே எழும் கட்டியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சு, வயிற்றுப் புற்றுகள் அங்கே தலைகாட்டுவதுண்டு.

காசநோய் என்று உறுதியானால் பொதுவாக 6 மாதம் மருந்து. இடையில் சிலருக்குக் கட்டி முன்பைவிடப் பெரிதாகும். அதற்காக மருந்தை நிறுத்தாமல், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போக வேண்டும்.