போட்ட காசை எடுப்பது எப்படி?

1906 அக்டோபர் 22. சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவால். வெள்ளைக்காரர் நடத்தும் பேங்க், கோட்டையைப் போல நிற்கும் என்று நம்பி, வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள் ஜனங்கள். போடும்போது யாரும் தடுக்கவில்லை. எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முயன்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. எல்லாம் சரி. ஆனால் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது. உங்கள் பணத்தை எடுக்க, கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் தயவு வேண்டும்.

பிட்காயின் 2009-ல் வந்தபோது சொன்ன சங்கதி இதுதான்: கணக்குப் புத்தகத்தை ஒருத்தரிடம் கொடுக்காதே, எல்லோரிடமும் கொடு. 2015-ல் எத்தீரியம் என்று இன்னொரு பெரிய புத்தகம் வந்தது. 2017 டிசம்பரில் அது திணறியது. காரணம், கிரிப்டோகிட்டீஸ் என்கிற பூனைக்குட்டி விளையாட்டு! பொம்மைப் பூனை வாங்க வந்த கூட்டத்தில் மற்றவர்கள் க்யூவில் நின்றார்கள். கட்டணம் எகிறியது.

அதே 2017-ல் நம் ஊர் ஆட்கள் மூன்று பேர் இதற்கு வழி தேட ஆரம்பித்தார்கள். ஜெயந்தி கனானி (ஆண்தான், சந்தேகம் வேண்டாம்), சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன். அவர்கள் தொடங்கியது மேட்டிக். 2021-ல் பெயர் மாறி பாலிகான் ஆனது.

என்ன செய்தார்கள்? சுங்குடிச் சேலைக்குப் பேர் போன சின்னாளப்பட்டியில் ஒரு முதலாளி, அவரிடம் நெய்யும் ஒரு தறிக்காரர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் திண்டுக்கல் பேங்குக்கு பஸ் ஏறினால் தறி ஓடுமா? ஒரு நோட்டில் குறித்துக் கொள்வார்கள். வாரக் கடைசியில் கூட்டிக் கழித்து மொத்தமாக முடிப்பார்கள். எத்தீரியம்தான் திண்டுக்கல் பேங்க். மேட்டிக் அந்த நோட்டு. வேகம், சல்லிசு.

சரி, நோட்டில் தப்பாக எழுதிவிட்டால்?

அதற்காகத்தான் வெளியேறும் கருவி ஒன்றைச் செய்தார்கள். பிளாஸ்மா பாலம் என்று பெயர். முதலில் நோட்டில் உங்கள் பேரில் இருக்கிற டோக்கனை அடித்துவிட வேண்டும். எரிப்பது என்பார்கள். எரித்ததற்கான அத்தாட்சியை எத்தீரியத்தில் காட்ட வேண்டும். உடனே பணம் வராது. ஆரம்பத்தில் ஏழு நாள் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் ‘இது பொய்க் கணக்கு’ என்று யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்க முடிந்தது. பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. ஆட்சேபம் இல்லையா? பணம் கைக்கு வந்துவிடும். எந்த மேனேஜரையும் கும்பிட வேண்டாம்.

அப்பாடா என்று சாய்ந்து உட்காராதீர்கள்.

2021 அக்டோபரில் கெர்ஹார்ட் வாக்னர் என்கிற ஆராய்ச்சியாளர் அந்தக் கருவியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். சீட்டு நம்பரை 7 என்று எழுதினால் ஒரு சீட்டு. 07 என்றால் வேறு சீட்டு. 007 என்றால் இன்னொன்று. கருவி இப்படித்தான் ஏமாந்தது. ஒரு தடவை எரித்த டோக்கனுக்கு மேலும் 223 தடவை பணம் வாங்கலாம்! ஆபத்தில் இருந்த தொகை 85 கோடி டாலர். நல்லவேளை, வாக்னர் திருடவில்லை, சொல்லிவிட்டார். ஓட்டையை அடைத்தார்கள். அவருக்கு 20 லட்சம் டாலர் வெகுமதி.

எல்லோருக்கும் வாக்னர் வாய்ப்பாரா? ஆக்ஸி இன்ஃபினிட்டி என்கிற விளையாட்டுக்காக ரோனின் என்று ஒரு பாலம் இருந்தது. அதில் பணம் வெளியே போக ஒன்பது சாவிகளில் ஐந்து போதும். 2022 மார்ச் 23-ல் அந்த ஐந்தும் திருடர்கள் கையில். 60 கோடி டாலருக்கு மேல் காலி. எப்போது தெரிந்தது தெரியுமா? மார்ச் 29-ல், யாரோ ஒருவர் 5,000 ஈத்தரை எடுக்கப் போய், வராமல் திண்டாடியபோது. ஆறு நாள் அந்தக் காலிப் பெட்டியை நம்பிக்கொண்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். அர்பத்நாட் கதையேதான், கம்ப்யூட்டரில்.

உங்களிடம் யாராவது கிரிப்டோவோ, சீட்டோ, புதுசாக ஏதாவது திட்டமோ கொண்டு வந்தால், எவ்வளவு கிடைக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எடுக்க எத்தனை நாள்? யார் கையெழுத்து வேண்டும்? அந்த ஆள் காணாமல் போனால் நான் எடுக்க முடியுமா?

பதில் மழுப்பலாக வந்தால், பர்ஸை மூடிவிட்டு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். செலவு காபியோடு போகட்டும்.