புல்லட் எஞ்சினும் பழகாத கைகளும்

தமிழகத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு தனித்தொழிலாக உருவான வரலாற்றை, வண்டிகள் ஓடித் தேய்ந்ததை மட்டும் வைத்து எழுதிவிட இயலாது. பழகாத கை எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதால் நேர்ந்த சேதங்களும், அவற்றை மீட்கப் பட்டறைகள் கையாண்ட வழிகளும் அந்த வரலாற்றில் பெரும்பங்கு வகிக்கின்றன. இதற்கு என்ஃபீல்டு புல்லட்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் வடிவமைக்கப்பட்ட அந்த வண்டியைச் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்தியப் படைக்கு 800 வண்டிகள் தேவைப்பட்டதைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் வண்டியைத் தயாரித்த ரெட்டிட்ச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னரும், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சின், சிறுசிறு மாற்றங்களுடன், இங்கே பல பத்தாண்டுகள் தயாராகி வந்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பு; கியர்பெட்டி தனியாகக் கழற்றக்கூடியது; சில ஸ்பானர்கள் கையில் இருந்தால் எவரும் பிரித்துவிடலாம். அந்த எளிமையே புதியவர்களைத் துணியவைத்தது. பிரித்ததைப் பூட்டும்போதுதான் வில்லங்கம் தொடங்கியது.

முதல் வில்லங்கம் மரையில் இருந்தது. மரை என்பது போல்ட்டின் மேலும் அது இறங்கும் துளையின் உள்ளும் வெட்டப்பட்ட சுருள்வரி. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. இந்தியாவோ 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. கால் அங்குலப் பிரிட்டிஷ் நுண்மரையில் அங்குலத்துக்கு 26 வரிகள் உண்டு, 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டில் அதே நீளத்துக்கு 25.4 வரிகள். விட்டத்தில் உள்ள வேறுபாடு 0.35 மி.மீ. மட்டுமே என்பதால், தொலைந்துபோன போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய 6 மி.மீ. போல்ட் கையாலேயே சுகமாக இறங்கிவிடும். ஸ்பானர் போட்டு இறுக்கும்போதுதான், பாதி மட்டுமே பற்றியிருந்த, எஞ்சினின் அலுமினிய உறையின் வரிகள் வழித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு அளவுமுறைகள் ஒரே கடைத்தெருவில் புழங்கிய காலத்தின் தவறு இது. முழுப்பழியையும் இறுக்கியவர் மேல் போடுவது நியாயமாகாது.

மேலைநாடுகளில் இத்தகைய உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது எளிதாக இருந்திருக்கலாம். 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் வண்டி வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே சேதமான உறை லேத் பட்டறைக்குப் போனது. அங்கே கெட்ட துளையைப் பெரிதாகத் துளைத்து, வெளியிலும் உள்ளிலும் மரை வெட்டிய சிறு உலோகக் குழலை அதில் இறக்குவர். 'புஷ் போடுவது' என்று தொழிலில் வழங்கும் முறை இதுவே. சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட எஃகுக் கம்பியைச் சுருளாக்கித் துளைக்குள் செலுத்தும் ஹெலிகாயில் முறை, இரண்டாம் உலகப்போர்க் கால விமான எஞ்சின்களில் பரவலாகப் பயன்பட்டுப் பின்னர் பட்டறைகளுக்கும் வந்தது. எஃகு வரி அலுமினிய வரியைவிட உறுதியானது என்பதால், மீட்கப்பட்ட துளை பெரும்பாலும் பழைய துளையைவிட வலுவாகவே அமைந்தது.

வால்வுகளை இயக்கும் பற்சக்கரங்களை மூடிய டைமிங் உறைக்குள் செய்த தவறுகள் இதைவிடக் கொடியவை. ஆயில் பம்பை இயக்கும் திருகுப்பல், எஞ்சினின் சுழலச்சான கிராங்கின் முனையில் இடதுமரையில் பொருத்தப்பட்டிருக்கும்; அதாவது வழக்கத்துக்கு மாறாக, வலப்பக்கம் சுழற்றினால்தான் கழலும். கிராங்க் சுழலும் திசையில் அது தானே தளர்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதை அறியாமல் இடப்பக்கம் பலங்கொண்டு திருப்பியவர் அச்சின் முனையையே முறித்துவிடுவார். பிறகு எஞ்சினை முழுதும் இறக்கி, ஃப்ளைவீல்களைப் பிரித்து, அச்சை மாற்றி, மீண்டும் மையம் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அதே உறையில், ஆயில் கிராங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு கார்க் அடைப்பு உண்டு. விலையில் அற்பமான அந்த அடைப்பை மறந்தாலோ கோணலாக வைத்தாலோ, ஆயில் கனெக்டிங் ராடின் கீழ்முனைப் புஷ்ஷை எட்டாமல் வழியிலேயே ஒழுகிவிடும். ஒழுகியதும் சுற்றித் தொட்டிக்கே திரும்பும் என்பதால், மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். தட்டும் ஓசை கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

1950இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் மெக்கானிக்குகளை முறையாக உருவாக்க முயன்றன. எனினும் பொதுப்பாடம் குறிப்பிட்ட எஞ்சினின் குணத்தைச் சொல்லித்தருவதில்லை. வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்று கற்றவர் புல்லட்டிலும் அப்படியே வைத்தால், வண்டி ஓயாமல் கடகடக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல், ஆனால் தள்ளுகோல் விரலால் தடையின்றிச் சுழலும்படி வைப்பதே அதற்குரிய அளவு.

பிஸ்டன் இறுகிப்போவதைத் தொழிலில் 'சீஸ்' என்பர். புதிய பிஸ்டனைப் போட்டதும் வேகமாக ஓட்டியதால் கீறல் விழுந்த வார்ப்பிரும்புச் சிலிண்டரை, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்த முறை 40 பங்கு எனக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்தினர். சென்னை செம்பியத்தில் 1949இல் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகளால் பிஸ்டன்கள் உள்நாட்டிலேயே கிடைக்கலாயின. கடைய இடமில்லாதபோது உள்ளே ஸ்லீவ் என்னும் புதுக்குழலை இறக்கி, முதல் அளவுக்கே திரும்பினர்.

2010ஐ ஒட்டி வார்ப்பிரும்பு எஞ்சின் முடிவுக்கு வந்து, எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உறையில் அமைந்த புதிய வடிவம் இடம்பிடித்தது. அதில் ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளி தானே சரியாகிக்கொண்டதால், தள்ளுகோலை விரலால் உருட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. உறை மட்டும் இன்னும் அலுமினியமே. அளவறியாமல் இறுக்கப்பட்ட மரைக்குப் புஷ் போடும் வேலை லேத் பட்டறைகளுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.