தென்னை மரத்தில் கட்டிய மாடு

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் தம்பி, நாலு பக்கத்துக்கு மேல போகக் கூடாது" என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "தலைப்பு என்ன சார்?" என்றேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளஸ் டூ ஆங்கில இரண்டாம் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் அடியேன் ஹாலிலேயே மயங்கி விழுந்திருப்பேன். தலைப்பு என்னவென்று முன்கூட்டியே தெரிந்து, அதை நெட்டுருப் போட்டு, வரி பிசகாமல் இறக்கி வைப்பதைத்தான் நாங்கள் கட்டுரை என்று நினைத்திருந்தோம்.

ஆகவே அந்தக் கட்டுரைக் கேள்வியைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது எங்கிருந்து வந்தது, ஏன் இன்னும் நம்மை விடவில்லை என்று கொஞ்சம் பார்ப்போம்.

தென்னை மரம் பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போன பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளில் பசு மாடு வந்துவிட்டது. பையன் அசரவில்லை. பசுவைப் பற்றி இரண்டு வரி எழுதி, "அதை ஒரு தென்னை மரத்தில் கட்டினார்கள்" என்று முடித்து, மிச்சத்தை எல்லாம் தென்னை மரத்தைப் பற்றியே எழுதித் தள்ளினானாம். நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பையன் முட்டாள் இல்லை. அவனை அப்படி எழுத வைத்த ஏற்பாட்டுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது.

1857-ல் தொடங்கிய கதை

1835-ல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. அதன் பலனாக 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. லண்டன் பல்கலைக்கழகம்தான் அவற்றுக்கு முன்மாதிரி. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. சென்னையில் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டில் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வும் நடந்துவிட்டது. மறு ஆண்டு, 1858-ல், முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர் வெளியே வந்தார்கள். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் விசுவநாத பிள்ளை. மற்றவர் பின்னாளில் கலித்தொகையை 1887-ல் அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடம் நடத்துபவர் வேறு, தாள் திருத்துபவர் வேறு. திருத்துபவருக்குப் பையனின் முகம் தெரியாது. அவன் வகுப்பில் என்ன கேட்டான், எப்படி யோசித்தான் என்று எதுவும் தெரியாது. அவர் கையில் இருப்பது ஒரு தாள் மட்டுமே. அந்தத் தாளில் எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும் என்றால் கட்டுரைக் கேள்விதான் சுலபமான கருவி. கேள்வி ஒரே வரி, பதில் இரண்டு பக்கம். கேள்வி தயாரிக்கச் செலவு கிடையாது. வடக்கே தெலுங்கு தேசம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே தாளைக் கொடுத்துவிடலாம்.

எழுதுகிற பிள்ளைக்கோ ஆங்கிலம் வீட்டுமொழி இல்லை. அவன் தாத்தா படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே படிப்பென்றால் மனப்பாடம். நிகண்டும் ஆத்திசூடியும் எண்சுவடியும் வாயால் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறியவை. புத்தகம் கிடைக்காத காலத்தில் அது அறிவைக் காப்பாற்றி வைத்த நல்ல முறைதான். அந்தப் பழக்கத்தோடு வந்த பையனிடம் தெரியாத மொழியில் இரண்டு பக்கம் எழுது என்றால் என்ன செய்வான்? யாரோ எழுதியதை நிகண்டு மாதிரி உருப் போடுவான். வாங்குகிறவன் இருந்தால் விற்கிறவனும் வருவான். அப்படித்தான் நோட்ஸ் போடும் தொழில் பிறந்தது. இந்த உருப்போடும் வழக்கத்தைப் பற்றிக் கர்சன் பிரபு காலத்திலேயே அரசாங்கம் கவலைப்பட்டது. கவலைப்பட்டதே தவிர, பரீட்சை மாறவில்லை.

கும்பகோணத்தில் போன ஸ்காலர்ஷிப்

இந்தக் கேள்வி யாரையெல்லாம் பலி வாங்கியது என்று பட்டியல் போட முடியாது. ஒருவரைச் சொன்னால் போதும். கும்பகோணம் சீனிவாச ராமானுஜன் 1903-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் எழுதினார். எஃப்.ஏ. கடைசி வரை தேறவில்லை.

அதே ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, சூத்திரங்களை அடுக்கியிருந்தார். அந்த ஆங்கிலம் முழுக்க ராமானுஜனுடையதாக இருக்காது, யாராவது உதவியிருப்பார்கள் என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார். இருக்கட்டுமே! அந்தக் கடிதம் தன் வேலையைச் செய்தது. யாருக்கு எழுதுகிறோம், எதற்கு எழுதுகிறோம் என்பது அதில் தெளிவாக இருந்தது. காம்போசிஷன் தாளில் இந்த இரண்டுமே கிடையாது.

ஒரு கெமிஸ்ட்ரிக்காரர் கேட்ட கேள்வி

பிலிப் ஹார்டாக் என்று ஓர் ஆங்கிலேயர். படிப்பால் ரசாயனக்காரர். 1917-ல் அமைந்த கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷனில் உறுப்பினர்; பிறகு டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1907-லேயே கட்டுரைப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் வாதம் சின்னதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யாருக்கென்று இல்லாமல், எதற்கென்று இல்லாமல் எழுதச் சொல்கிறோம். நிஜ வாழ்க்கையில் எவனும் அப்படி எழுதுவதில்லை. படிக்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள் என்கிறார்.

1935-ல் அவரும் ரோட்ஸ் என்பவரும் சேர்ந்து பரீட்சையையே பரீட்சை செய்தார்கள். ஏற்கெனவே ஒரே மார்க் வாங்கியிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மறுபடியும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 தீர்ப்புகளில் அதே மனிதர் அதே தாளுக்கு முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார். தேறியவன் தவறினான், தவறியவன் தேறினான். நம் லேபில் ஒரு கருவி இப்படி ரீடிங் காட்டினால் ஸ்டோர்ஸுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

நம் நாட்டிலும் பெரியவர்கள் பேசாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் இடைநிலைக் கல்விக் கமிஷன் அமைந்தது. கட்டுரை வகைக் கேள்விகளின் ஆதிக்கத்தைக் குறைத்து, புறவயமான கேள்விகளையும் சேர்க்க வேண்டும் என்று 1953-ல் அது சொன்னது. 1964-66 கோத்தாரிக் கமிஷன் பத்து, இரண்டு, மூன்று என்ற படிப்பு முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்து பி.யூ.சி. போயிற்று. ஒரு மார்க் கேள்விகள் வந்தன. ஆனாலும் கட்டுரை போகவில்லை. உரைநடைக்கு ஒன்று, செய்யுளுக்கு ஒன்று, துணைப்பாடத்துக்கு ஒன்று, பொதுக்கட்டுரை ஒன்று என்று கூடத்தான் செய்தது.

எங்கள் காலம்

நான் பிளஸ் டூ எழுதியது 2007-ல். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அந்த ஆண்டு முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப். ஆங்கில மார்க் அதில் சேராது. 200-க்கு 70 எடுத்தால் பாஸ். இது போதாதா? எந்தக் கட்டுரை வருமென்று பார்த்து, மொத்தம் ஐந்தை உருப் போட்டேன். விஞ்ஞானம் வரமா சாபமா என்பது என் கையில் இருந்த தென்னை மரம். எந்த மாட்டையும் அதில் கட்டிவிடுவேன்.

அந்தத் தைரியத்தோடு நம் கல்லூரிக்கு வந்தேன். இறுதியாண்டில் ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது. எழுத்துத் தேர்வில் அரைமணி நேரக் கட்டுரை: உங்கள் ஊரில், ஒரு பொறியாளராக, நீங்கள் சரிசெய்ய விரும்பும் குறை எது? நான் விஞ்ஞானம் வரமா சாபமாவை எழுதிவிட்டு வந்தேன். அடுத்த சுற்றுக்கு என் பெயர் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவிடம் போனில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆங்கிலத் துறை மேடம் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"உங்க ஊர்ல என்னப்பா குறை?"

"மழை பெஞ்சா ஓடைப் பாலத்து மேல தண்ணி போகும் மேடம். ரெண்டு நாளைக்கு பஸ் வராது."

"இதை ஏன் எழுதல?"

"அது கைடுல இல்லையே மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "யூனியன் ஆபீஸ் இன்ஜினியருக்கு எழுதற மாதிரி எழுதிட்டு வா. ஒரு பக்கம்தான். அந்தப் பாலத்தைப் பார்க்காதவர் அவர்னு நினைச்சுக்கோ" என்றார்கள். நான்கு தடவை திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாவது தடவை, "இப்பதான் எனக்குப் பாலம் தெரியுது" என்றார்கள். ஹார்டாக் பெயரை நான் கேள்விப்பட்டது வெகுகாலம் கழித்து. ஆனால் பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கட்டட வேலையில் தூண்களுக்கான 28 நாள் கியூப் டெஸ்ட் தேறவில்லை. மேல் தளம் போட எல்லாம் தயார். மேலாளர்கள் வெளியூரில், தமிழ் தெரியாதவர்கள். அன்றிரவு ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதினேன். எந்தத் தூண்கள், எந்தத் தேதி கான்கிரீட், எவ்வளவு பலம் வேண்டும், எவ்வளவு வந்தது, நாளை ஏன் தளம் போடக் கூடாது. அவ்வளவுதான். காலையில் வேலை நின்றது. அந்த எட்டு வரியில் மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தை கிடையாது. அதே சமயம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாக்கியம் இப்படி ஆரம்பித்து இப்படி முடியும் என்ற ஓசை, அந்த ஐந்து கட்டுரைகளை உருப்போட்டதால் வந்ததுதான். மனப்பாடத்தைப் பாவம் என்று தள்ள மாட்டேன். மனப்பாடத்தோடு நின்றுவிட்டதுதான் எங்கள் பிழை.

இன்றைக்கு

2018-19 முதல் பிளஸ் டூவில் மொழிக்கு ஒரே தாள், 100 மார்க். பாடப்புத்தகம் மாறிவிட்டது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "என்ன பாப்பா?" என்றேன். "ஜெனரல் எஸ்ஸே மாமா. இது வரும்னு சொல்றாங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். தென்னை மரம் அப்படியே நிற்கிறது!

அவளோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். உருப்போடுவதைப் போடு. ஆனால் வாரத்தில் ஒரு நாள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இருபது நிமிஷம் எனக்கு எழுது. மூன்று நிமிஷம் யோசித்துக் குறிப்பு, பதினான்கு நிமிஷம் எழுத்து, மூன்று நிமிஷம் திருப்பிப் படிக்க. தலைப்பு நான் பார்க்காத விஷயமாக இருக்க வேண்டும்: உன் பள்ளிக்கூட பஸ், உன் தோழியின் ஊர்த் திருவிழா, உங்கள் தெருத் தண்ணீர்க் குழாய். முதல் வாரம் ஆறு வரி வந்தது, எட்டுத் தப்போடு. நான்காம் வாரம் ஒரு பக்கம் வந்தது. தப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாயடி எனக்குத் தெரிகிறது.

நண்பர்களே, இதைத்தான் சங்கத்திடம் ஒரு கோரிக்கையாக வைக்கிறேன். நம் கல்லூரியைச் சுற்றிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி அனுமதித்தால் நம்மில் ஒருவர் ஐந்து நோட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு பக்கம் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டியதுதான். ஒரு ஆசிரியர் கையில் அறுபது நோட்டு இருக்கும்போது அவரால் நாலு தடவை திருப்பிக் கொடுக்க முடியாது. நம்மால் முடியும். முகம் தெரியாத தேர்வாளருக்கு எழுதுவதற்கு முன்னால், தன் எழுத்தைப் படிக்க நிஜமாகவே ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும்.

எனக்கு அப்படி ஒருவர் இந்தக் கல்லூரியில்தான் கிடைத்தார்கள். பல பேட்ச் மாணவர்களைத் திருத்திவிட்டு மேடம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இந்தக் கட்டுரையையும் அவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன். சந்திப்புக்கு வரும்போது சிவப்பு மை பேனாவோடு வருவார்கள் என்று நம்புகிறேன்.