கோடியக்கரையின் பருவப் பதிவுகள்: பறவைக்கு வளையமிட்ட வரலாறு

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில், காடும் சதுப்பும் அருகருகே கிடக்கின்றன. மணல்மேட்டில் உலக்கைப்பாலை மரங்கள் செறிந்த, என்றும் பசுமை மாறாத வறண்ட காடு. அதையொட்டி மேற்கே உப்பளங்களோடு விரியும் சேற்றுவெளி. 1967இல் சரணாலயமாகவும், 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. இங்கே பருவந்தோறும் திரட்டப்பட்ட பறவைத் தரவுகளைச் சூழலியலார் இன்று தம் சொத்தாகக் கருதுகிறார்கள். ஆனால் அவற்றை உருவாக்கிய, பறவையின் காலில் வளையம் மாட்டும் முறை இங்கே சூழலியலுக்காகப் பிறந்ததன்று. முதலில் வேட்டை, அடுத்து நோய், கடைசியில்தான் சூழலியல். இந்த வரிசையை மறந்தால் பழைய பதிவேடுகளைத் தவறாகப் படிக்க நேரும்.

டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் 1899இல் மைனா இனப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் மாட்டினார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1920களில் தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு வளையமிட்டது. அக்காலத்தில் வாத்து என்றால் வேட்டை. சுடப்பட்ட பறவையின் காலில் வளையம் இருந்தால் செய்தி வந்து சேரும். வளையமிட்ட பறவை எங்கே கிடைத்தது என்ற மீட்புத் தகவலே துப்பாக்கியை நம்பி இருந்தது.

பெரிய திருப்பம் 1957இல் வந்தது. அன்றைய மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. உண்ணிகள் பரப்பிய அந்தக் கிருமி, ரஷ்யாவில் அறியப்பட்டிருந்த ஒரு வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் வளையமிடும் பணி விரிவடைந்தது. 1960களில் அமெரிக்க ராணுவப் பணத்தில் இயங்கிய, ஆசியப் பறவைகளின் நோய்களை ஆராயும் திட்டமும் இதில் சேர்ந்தது. அதன் நோக்கம் உயிரியல் போர்தானோ என்ற சர்ச்சை பின்னர் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது. (பறவையின் காலில் வளையம் மாட்டியதற்கு எம்.பி.க்கள் விளக்கம் கேட்ட காலமும் இருந்தது.) நோய்க் கோணம் பெரிய பலன் தரவில்லை. வலை வீசவும் பறவையைக் காயப்படுத்தாமல் கையாளவும் தெரிந்த ஆட்கள் உருவானதுதான் மிஞ்சியது. பீகாரின் பரம்பரைப் பறவை பிடிப்பவர்களான மீர்ஷிகார்களின் கண்ணித் திறன் அதில் பெரும்பங்கு வகித்தது. இதை ஆய்வு வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முக்கியக் களநிலையங்களாகப் பரத்பூரும் கோடியக்கரையும் அமைந்தபோது கேள்விகளும் மாறின. செப்டம்பர், அக்டோபரில் காட்டுக்குள் மெல்லிய கறுப்பு நூல்வலை கட்டினால், இலங்கை நோக்கிப் போகும் ஆறுமணிக்குருவி போன்ற காட்டுப்பறவைகள் சிக்கும். வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பியபின் வேலை சேற்றுவெளிக்கு நகரும். அங்கே உள்ளான்களும் பூநாரைகளும். மழை பிந்தினால் நீரின் உப்பு குறையாது, இரை உயிரிகளும் மாறிவிடும். களப்பணியின் நாள்காட்டியை வானமே எழுதியது.

ஒரு கொசு உள்ளானைக் கையில் எடுத்ததும் நடப்பதைப் பார்க்க வேண்டும். வளைய எண்ணைப் பதிந்து, இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் பார்த்து, எடை போடுகிறார்கள். பிறகு இறக்கையை விரித்துப் பத்து முதன்மைச் சிறகுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண்: பழைய சிறகுக்கு 0, முழுதாய் வளர்ந்த புதியதற்கு 5. பத்தும் புதியவை என்றால் 50. இந்த எண்ணையும் சிறகின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டு பிறந்த குஞ்சா, முதிர்ந்ததா, இங்கே வந்தபின் சிறகு மாற்றுகிறதா என்பதை ஊகிக்கலாம். குஞ்சுகளின் விகிதம் ஆர்க்டிக்கில் அந்தக் கோடை எப்படி இருந்தது என்பதற்குக் குறிப்பாகும்.

இனி, இந்தப் பதிவேடுகளைப் படிக்கும் முறை. ஒரு பருவத்தில் எத்தனை பறவைக்கு வளையமிட்டார்கள் என்ற எண்ணிக்கை, அந்தப் பருவத்தில் எத்தனை பறவை இருந்தது என்பதைக் காட்டாது. வலை எத்தனை நாள் கட்டப்பட்டது, எத்தனை பேர் இருந்தார்கள், திட்டப்பணம் வந்ததா என்பவையே அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். பறவை அதிகம் சிக்கும் இடத்தைத் தேடிப்போவதும் நோய் ஆய்வுக் காலத்துப் பழக்கம்தான், ஏனெனில் நோய் ஆய்வில் மாதிரிகளே முக்கியம். ஆகவே எண்ணிக்கையை விட விகிதங்களையும் எடையையும் நம்புவது நல்லது. கரைப்பறவைகள் இங்கு வெகுவாகக் குறைந்தன என்ற முடிவை, வளையங்களோடு நேரடிக் கணக்கெடுப்பையும் சேர்த்து வைத்தபோதே உறுதியாகச் சொல்ல முடிந்தது. உப்பளங்களின் விரிவு, நன்னீர் வரத்துக் குறைவு, சீமைக்கருவேலம் ஆகியவை காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

நேரடிக் கணக்கெடுப்புக்கும் வரம்பு உண்டு. 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில் அமைகின்றன. சதுப்புக்கு அது பொருத்தமான மாதம், காட்டுக்கு அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைக் காட்டைப் புரட்டிப் போட்டது. அதன்பின் அக்டோபர் வலசைக்காரர்களுக்கு நிழலும் இரையும் எவ்வளவு மீண்டன என்பதை ஜனவரிப் படிவங்களைக் கொண்டு கணிக்க இயலாது. அதற்குப் பழைய அக்டோபர்ப் பதிவேடுகளை எடுத்து, அதே காட்டில், அதே மாதத்தில், அதே அளவு வலை கட்டிப் பார்த்தால்தான் உண்டு.