மேடையில் ஒரு புயல் ராஜா

பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவோம். நாடகத்துக்கு வாங்குவோம். ‘மழை ஏன் பெய்கிறது?’ என்று ஒருத்தர் மேடையேறிப் பேசினால், காசு கொடுத்துப் போய் உட்காருவோமா?

உட்கார்ந்தார்கள். 1830-களின் அமெரிக்காவில்.

அப்போது அங்கே ‘லைசியம்’ என்று ஓர் இயக்கம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. 1826-ல் மாசசூசெட்ஸில், மில்பரி என்ற சின்ன ஊரில் ஜோசையா ஹோல்புரூக் ஆரம்பித்து வைத்தது. கல்லூரிப் பக்கமே எட்டிப் பார்க்காத விவசாயி, கடைக்காரர், தொழிலாளி எல்லோரும் மாலையில் ஒரு ஹாலில் கூடுவார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பேசுவார். சினிமா இல்லை, ரேடியோ இல்லை. பொழுதுபோக்கும் அதுதான், படிப்பும் அதுதான்.

இந்த மேடைகளில் வானிலையைப் பற்றிப் பேசியே பிழைப்பு நடத்திய ஒரு மனிதர் உண்டு. ஜேம்ஸ் எஸ்பி. 1785-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் வாத்தியார் வேலை. மேகப் பைத்தியம் தலைக்கேறி, பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பிவிட்டார். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், ‘புயல் ராஜா’!

அப்படி என்னதான் பேசினார்?

இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்திருக்கிறதா? வெந்நீர் பட்டதைவிட அதிகமாகச் சுடும். காரணம், ஆவி உங்கள் கையில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தனக்குள் ஒளித்து வைத்திருந்த சூட்டையெல்லாம் கொட்டிவிடுகிறது. இன்னொன்று. சைக்கிள் டியூபிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடும்போது வால்வு அருகே விரலை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரிந்தால் குளிர்ந்துவிடும்.

இந்த இரண்டையும் எஸ்பி வானத்துக்குக் கொண்டுபோனார். தரையில் சூடான ஈரக்காற்று மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, ஆகவே விரிகிறது. விரிந்தால் குளிர்கிறது. குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. அதுதான் மேகம். துளியாகும்போது சூட்டைக் கொட்டுகிறதே, அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. காலியான இடத்தை நிரப்ப, கீழே நாலா பக்கத்திலிருந்தும் காற்று ஓடி வருகிறது. அதுதான் புயல்.

மேகத்தையும் மழையையும் இன்றைக்குக் கல்லூரியில் விளக்குவதும் அடிப்படையில் இப்படித்தான். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல், கையால் செய்துகொண்ட ஒரு சின்னக் கருவியில் காற்றை அடைத்து, திறந்து, குளிர்ச்சியை அளந்து இதைக் கண்டுபிடித்தார் மனுஷன். 1836-ல் அமெரிக்கத் தத்துவக் கழகம் அவருக்குப் பரிசு கொடுத்தது.

இதுவரை சுபம். வில்லங்கம் இனிமேல்தான்.

நியூயார்க்கில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்று இன்னொருவர் இருந்தார். குதிரைச் சேணம் தைக்கக் கற்று, பிறகு நீராவிப் படகுத் தொழிலில் காலூன்றியவர். 1821 செப்டம்பரில் ஒரு பெரும்புயல் கனெக்டிகட் மாநிலத்தைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பயணம் போன ரெட்ஃபீல்டு ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தன் ஊரில் மரங்கள் வடமேற்கே தலைவைத்து விழுந்திருந்தன. கொஞ்ச தூரம் தள்ளிப் போனால், அதே புயலில் விழுந்த மரங்கள் தென்கிழக்கே தலைவைத்துக் கிடந்தன! அப்படியானால் புயல் என்பது ஒரு ராட்சதச் சுழல் என்று முடிவு கட்டி, 1831-ல் கட்டுரை எழுதினார்.

எஸ்பி ஒப்புக்கொள்ளவில்லை. காற்று சுழலவில்லை, நேராக நடு மையத்துக்கு ஓடுகிறது என்றார்.

1835 ஜூனில் நியூஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகரை ஒரு சுழற்காற்று தாக்கியது. இரண்டு தரப்பும் அங்கே ஓடின. ஒரே ஊர், ஒரே இடிபாடு, ஒரே முறிந்த மரங்கள். எஸ்பி தரப்பு பார்த்துவிட்டு, ‘எல்லாம் உள்நோக்கி விழுந்திருக்கிறது பாருங்கள்’ என்றது. ரெட்ஃபீல்டு பார்த்துவிட்டு, ‘எல்லாம் சுழன்று விழுந்திருக்கிறது பாருங்கள்’ என்றார். ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒரு ஆடிட்டர் லாபம் என்றும் இன்னொருவர் நஷ்டம் என்றும் சொன்ன மாதிரி!

‘எப்படி விழுந்தால் என்ன, விழுந்தது விழுந்ததுதானே’ என்று கேட்கலாம். கப்பல் கேப்டன் அப்படிக் கேட்க முடியாது. நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புயலின் மையம் எந்தப் பக்கம்? காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், ரெட்ஃபீல்டு கணக்குப்படி (வடகோளத்தில்) மையம் இடது கைப் பக்கம். எஸ்பி கணக்குப்படி மூக்குக்கு நேரே. தப்பான பக்கம் கப்பலைத் திருப்பினால் அவ்வளவு பேரும் ஜலசமாதி. ஹாலில் நடந்த சண்டைக்குக் கடலில் உயிர்தான் பணயம்.

சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. எஸ்பி 1840-ல் கடல் கடந்து கிளாஸ்கோவுக்குப் போய் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் முன்னால் வாதாடினார். பாரிஸ் அறிவியல் கழகம் அவரைப் பாராட்டி அறிக்கை கொடுத்தது. 1841-ல் ‘புயல்களின் தத்துவம்’ என்று தடிமனாக ஒரு புத்தகம் போட்டார்.

மேடையில் ஒரு ஆபத்து இருக்கிறது. கைதட்டு வாங்கியவனால் ‘ஒருவேளை நான் சொன்னதில் பாதி தப்போ?’ என்று மறுநாள் வந்து சொல்ல முடிவதில்லை. எஸ்பிக்கும் அதுதான் நடந்தது. போதாக்குறைக்கு, ‘காட்டைக் கொளுத்தினால் மழை வரும்’ என்று வேறு கிளம்பிவிட்டார். மேற்கே அறுநூறு, எழுநூறு மைல் நீளத்துக்கு, இருபது மைலுக்கு ஒரு இடமாக நாற்பது ஏக்கர் காடு. கோடை முழுக்க ஏழு நாளைக்கு ஒரு தரம் ஒரே நேரத்தில் கொளுத்த வேண்டுமாம்! பெருந்தீ மேலே தனியாக மேகம் கட்டும் என்பது உண்மைதான். 2019-20-ல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் மேல் இடிமேகமே கட்டியதை உலகம் பார்த்தது. ஆனால் வாராவாரம் காட்டைக் கொளுத்தி விவசாயத்துக்கு மழை வரவழைப்பது வேறு கதை. ஊர் சிரித்தது. 1842-ல் அவரைச் சந்தித்த முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ், இந்த ஆளுக்குத் தற்பெருமை முற்றிவிட்டது என்ற ரீதியில் டைரியில் எழுதி வைத்தார்.

கடைசியில் ஜெயித்தது யார்? நாஷ்வில்லில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஃபெரல், 1856-ல் முடிச்சை அவிழ்த்தார். அதுவும் ஒரு மருத்துவப் பத்திரிகையில்! காற்று மையத்தை நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் பூமி சுற்றுவதால் அது வழியில் ஒதுக்கித் தள்ளப்பட்டுச் சுழல ஆரம்பிக்கிறது. அதாவது, சுற்றிக்கொண்டே உள்ளே போகிறது. எஸ்பியும் சரி, ரெட்ஃபீல்டும் சரி. இருவரும் பாதி பாதி. கேப்டனுக்கான பதிலும் நடுவில்தான்: மையம் இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி. அதற்குள் நம் வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், கல்கத்தாவில் உட்கார்ந்தபடி 1848-ல் இந்தச் சுழலுக்குப் பெயரே வைத்துவிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர், ‘சைக்ளோன்’. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் சென்னைவாசிகள் பயந்துகொண்டே உச்சரிக்கும் அதே பெயர்.

அப்படியானால் எஸ்பி ஊர் ஊராகப் பேசியதற்கு என்ன பலன்? இருக்கிறது. ஒரு புயலை ஒரு ஆளால் பார்க்க முடியாது. யானையைத் தடவிய குருடர்கள் கதைதான். நூறு ஊரில் நூறு பேர் ஒரே நேரத்தில் காற்றின் திசையைக் குறித்தால்தான் புயலின் உருவம் தெரியும். தன் கட்சியை நிரூபிக்க எஸ்பிக்கு அந்த நூறு பேர் தேவைப்பட்டார்கள். ‘குறித்து அனுப்புங்கள்’ என்று நாடெங்கும் வேண்டுகோள் விட்டார். 1837-ல் பென்சில்வேனியா சட்டசபை, மாவட்டம்தோறும் பாரோமீட்டர், தெர்மாமீட்டர், மழைமானி வாங்க 4,000 டாலர் ஒதுக்கியது. 1842-ல் மத்திய அரசே எஸ்பியைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. காசு கொடுத்துக் கேட்க வந்த ஜனங்களையே அவர் கணக்கெடுக்கிற ஜனங்களாக்கப் பார்த்தார்.

அந்த விதையை மரமாக்கியவர், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹென்றி. எஸ்பியையும் சேர்த்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களை நாடெங்கும் திரட்டினார். 1849-லிருந்து தந்தி ஆபீஸ்களும் கைகொடுத்தன. 1856-ல் ஸ்மித்சோனியன் ஹாலில் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பெரிய தேசப்படத்தை மாட்டி, தந்தி வரவர ஒவ்வொரு ஊர்மேலும் கலர் வில்லைகளைத் தொங்கவிட்டார். கறுப்பு வில்லை என்றால் அங்கே மழை. எஸ்பி 1860-ல் இறந்தார். பத்தே வருஷத்தில், 1870-ல், அமெரிக்க அரசின் வானிலைச் சேவை பிறந்தது.

ஸ்மித்சோனியனில் அப்போது மாலை நேரச் சொற்பொழிவுகள் பிரபலம். காலையில் மேற்கே சின்சினாட்டி மேல் கறுப்பு வில்லை தொங்கினால், சாயங்காலம் வாஷிங்டனில் மழை நிச்சயம் என்பது ஹென்றிக்குப் பழகிவிட்டது. உடனே அன்றைய சொற்பொழிவைத் தள்ளிவைத்துவிடுவார்.

சொற்பொழிவில் வளர்ந்த வானிலை அறிவியல், இன்றைக்குச் சொற்பொழிவு உண்டா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது!