சிலிண்டர் பவரும் லேசரும்: பார்வைச் சிதறல் அறுவையின் ஆதாயமும் ஆபத்தும்

பார்வைச் சிதறலுக்கான (ஆஸ்டிக்மாடிசம்) லேசர் அறுவையை மதிப்பிடும்போது, கண்ணாடியில்லாமல் 6/6 வரியைப் படிக்க முடிகிறதா என்றே முதலில் கேட்கிறோம். அந்த அளவுகோல் போதாது. இவ்வறுவையின் ஆபத்தில் பெரும்பகுதி அறுவை அரங்குக்கு வெளியே, யாருக்குச் செய்யக்கூடாது என்று கண்டறியும் பரிசோதனையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் வாதம்.

கிட்டப்பார்வைக்கு ஓர் எண் போதும். சிலிண்டர் பவருக்கு அச்சும் வேண்டும். உட்காரவைத்து அளந்த கண், படுத்ததும் சற்றுச் சுழல்கிறது. அச்சு 10 பாகை பிசகினால் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். 30 பாகை பிசகினால், இருந்த சிதறல் அதே அளவில் வேறு திசையில் மிஞ்சும். ஐரிஸின் கோடுகளை அடையாளம் வைத்து இச்சுழற்சியை ஈடுசெய்யும் கருவிகள் இன்று உண்டு. ஆகவே 3 டயாப்டர் சிலிண்டர் உள்ளவர், கண்ணாடியில் தரை சாய்ந்து தெரிவதாலும் டோரிக் காண்டாக்ட் லென்ஸ் கண்ணுக்குள் திரும்பிவிடுவதாலும் அவதிப்படுபவர், உண்மையிலேயே பயனடைவார். 0.75 மட்டுமே உள்ளவருக்கு இதைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வரலாறு ஓர் எச்சரிக்கை தருகிறது. 1930களின் இறுதியில் ஜப்பானில் சுடோமு சாட்டோ, கார்னியாவின் உட்புறத்திலும் கீறல் போட்டுச் சிதறலைக் குறைத்தார். உள்ளடுக்குச் செல்களின் பங்கு அன்று தெரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கண்களில் பல, கார்னியா வீங்கிக் கலங்கின. பின்னர் வந்த ஆரக்கீறல் முறையைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், 43% கண்கள் 1 டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன.

சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், சகாக்கள் இருவருடன் 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், எக்சைமர் லேசர் சுற்றுப்புறத்தைக் கருக்காமல் திசுவைச் சீவும் என்று காட்டினார். (சோதனைக்குக் கிடைத்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டு.) கருவி துல்லியமாகிவிட்டது, சந்தேகம் இப்போது கார்னியாவின் மேல்.

கார்னியா மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோயின் முதல் முகம் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும் சிலிண்டர் பவர்தான். 540 மைக்ரான் கார்னியாவில், லேசிக் முறையில் திறக்கும் மேல் மடலுக்கு 110 போக, டயாப்டருக்குச் சுமார் 12 வீதம் ஆறு டயாப்டருக்குச் சீவினாலும் 358 மிஞ்சும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்ற வழக்கமான வரம்பை இது தாராளமாகத் தாண்டிவிடுகிறது. ஆனால் இயல்பிலேயே வலுவற்ற கார்னியா, இந்தக் கணக்கு தேறிய பிறகும் மெல்ல முன்தள்ளலாம். லேசிக்குக்குப் பிந்தைய இந்தப் பிதுக்கம் 1998இலேயே பதிவாகிவிட்டது. பின்பரப்பையும் காட்டும் டோமோகிராபி இல்லாமல், கண்ணைக் கசக்கும் வழக்கம் உண்டா என்று கேட்காமல், இருபது வயதுக்காரருக்கு நாள் குறிப்பது அவசரம்.

எஞ்சிய கேள்வி இரவுப் பார்வை. லேசிக் பற்றிய அமெரிக்க எப்.டி.ஏ.வின் ஆய்வுகளில், முன்பு தொந்தரவே இல்லாதவர்களில் 46% வரை, மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம் போன்ற ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கண்டனர். அன்றாடப் பணியில் பெரும் சிரமப்பட்டவர்கள் 1%க்கும் குறைவு. விளம்பரம் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரவில் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கு முதல் எண்ணையும் சொல்லியாக வேண்டும்.

அறுபது வயதில் கண்புரை வரும்போதும் இதன் தொடர்ச்சி உண்டு: சீவிய கார்னியாவுக்கு உள்விழி லென்ஸின் பவரைக் கணிப்பது கடினம். அறுவைக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்கு அந்த வேலை ஓரளவு எளிது. அந்தத் தாளை நோயாளியிடமே கொடுத்தனுப்புவது எல்லா இடத்திலும் இன்னும் வழக்கமாகவில்லை.